‘ரசவாதி’ சொல்வதுபோல் கனவைத் துரத்திப் போவது குடும்பப் பொறுப்பு உள்ளவர்களுக்குச் சரிவருமா?

கேள்வியைப் பார்த்தாலே தெரிகிறது, நீங்கள் வீட்டுக்கு மூத்தவர், கீழே தங்கச்சிமார் இருக்கிறார்கள். இல்லாவிட்டால் இந்தக் கேள்வி வந்திருக்காது. அனேகமாக உங்கள் பாஸ்போட் இப்போது வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்பும் ஏதோ ஒரு ஏஜென்சிக்காரரின் மேசை லாச்சிக்குள் கிடக்கும். ஆள் மாறியிருந்தால் கோபிக்க வேண்டாம், எங்கள் ஊரில் பாதிப் பேரின் கதை இதுதான்.

நான் இலக்கியம் படித்தவன் இல்லை. சொந்த ஊர் இலங்கையின் கிழக்குக் கரையில் இருக்கும் மருதமுனை, ஒலுவில் கம்பஸில் முகாமைத்துவம் படித்தேன், இப்போது பக்கத்து ஊரான கல்முனையின் பஸாரில் வாப்பாவின் சாரன் (லுங்கி) கடையில் நிற்கிறேன். ஆனால் இந்த நாவலைப் பற்றிப் பேச எனக்கு ஒரு தகுதி இருக்கிறது. அதில் வருவதும் ஒரு கடை, ஒரு முதலாளி, கடையில் நிற்கும் ஒரு பொடியன்.

படிக்காதவர்களுக்காகச் சுருக்கமாக: பாவ்லோ கொய்லோ போர்த்துக்கீச மொழியில் எழுதி 1988இல் வந்த நாவல். ஸ்பெயினில் ஆடு மேய்க்கும் சந்தியாகோ, எகிப்துப் பிரமிடுகளுக்குப் பக்கத்தில் புதையல் இருப்பதாகக் கனவு காண்கிறான். ஆடுகளை விற்றுக் கடல் கடந்து மொரோக்கோவின் தாஞ்சியருக்குப் போகிறான். போன முதல் நாளே காசைப் பறிகொடுக்கிறான். அங்கே மேட்டில் இருக்கும் ஒரு படிகக் கண்ணாடிக் கடையில் ஒரு வருசத்துக்குக் கொஞ்சம் குறைய வேலை செய்து, கையில் காசு சேர்ந்ததும் பாலைவனம் தாண்டுகிறான்.

எல்லாரும் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போடுவது பிரபஞ்சமே உனக்குத் துணை நிற்கும் என்ற அந்த வசனத்தைத்தான். போடட்டும். ஆனால் ஒன்றைக் கவனித்தீர்களா? சந்தியாகோவுக்கு ஒரு தங்கச்சி இருந்ததாக எங்கேயும் இல்லை. இருந்திருந்தால் நாவல் நாற்பது பக்கத்தில் முடிந்திருக்கும். ஆடு விற்ற காசு அப்படியே சீமெந்துக் கடைக்குப் போயிருக்கும்.

கிழக்கு மாகாணத்துக்கு வெளியே இருப்பவர்களுக்கு இது விளங்காது. எங்கள் பக்கம் கலியாணம் முடிந்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். அதனால் ஒவ்வொரு மகளுக்கும் ஒரு வீடு கட்டிக் கொடுத்தாக வேண்டும். சீதனம் பிழை என்று பள்ளிவாசலில் பயான் (மார்க்கப் பிரசங்கம்) நடக்கும். அதைக் கேட்டுவிட்டு வெளியே வந்து செருப்பைப் போடும்போதே ‘மகள்ர வீட்டு வேல எந்த மட்டில நிக்குது’ என்று விசாரிப்பார்கள்.

என் வாப்பாவின் கனவு ஹஜ். படிகக் கடை முதலாளியின் கனவும் அதுதான். அதனால்தான் இந்த நாவலை என்னால் ஒரு ஊக்கமூட்டும் புத்தகமாக வாசிக்க முடியவில்லை. அந்த முதலாளி முப்பது வருசமாக அதே இடத்தில் கடை வைத்திருக்கிறார். ஐந்து கடமைகளில் நான்கை முடித்துவிட்டார், மக்கா மட்டும் பாக்கி. முதலில் காசு இல்லை. காசு வந்த பிறகு, உடையும் சாமானை யாரை நம்பி விட்டுவிட்டுப் போவது என்ற யோசனை. கடைசியில் உண்மையைச் சொல்லிவிடுகிறார்: போய் வந்துவிட்டால் அப்புறம் உயிர் வாழ என்ன காரணம் இருக்கும் என்று பயமாம்.

இந்த இடத்தைப் படித்துவிட்டு ‘பாருங்கள், கோழை’ என்று பேசும் ஆட்கள் இருக்கிறார்கள். அப்படிப் பேசும் ஒரு ஊக்கப் பேச்சாளரை எங்கள் ஊர் டியூட்டரி ஒன்றுக்குக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். உயர்தரப் பரீட்சை எழுதப்போகும் பிள்ளைகளிடம் ‘ஆடுகளை விற்றுவிட்டுப் புறப்படுங்கள்’ என்று ஒன்றரை மணித்தியாலம் கத்தினார். முடிந்ததும் டிக்கட் காசு எண்ணினார்கள். சரி, அதை விடுவோம்.

வாப்பாவின் கணக்கைச் சொல்கிறேன். ஹஜ் காசு என்று தனியாக ஒரு வங்கிப் புத்தகம் வைத்திருந்தார். ராத்தாவுக்கு (அக்காவுக்கு) வீடு கட்ட அது ஒருமுறை காலியானது. அந்த வீடும் பின்னால் இருந்த தறிக்கொட்டிலும் 2004 டிசம்பர் 26ஆம் திகதி சுனாமியில் கடலோடு போய்விட்டன. ஆட்கள் தப்பினோம், அல்ஹம்துலில்லாஹ். பிறகு கிழக்கில் கடலிலிருந்து 200 மீட்டருக்குள் வீடு கட்டக்கூடாது என்று சட்டம் வந்தது. வளவு இருந்தும் இல்லாத நிலை. உள்ளே தள்ளிக் காணி வாங்கி மறுபடி கட்டினார். அது முடிய தங்கச்சியின் முறை. அதுவும் முடிந்து பெயர் பதிந்தால், 2020இல் கொரோனா. சவூதிக்குள் இருப்பவர்களுக்கு மட்டும்தான் ஹஜ் என்றார்கள். 2021லும் அதே கதை. 2022இல் சவூதி கதவைத் திறந்தது, இங்கே ரூபாய் விழுந்தது. வருசத் தொடக்கத்தில் 200 ரூபாய் அளவில் இருந்த டொலர் சில மாதங்களில் 350ஐத் தாண்டியது. வாப்பா சேர்த்தது அப்படியே இருந்தது, ஆனால் பயணத்தில் பாதிக்குத்தான் காணும்.

இதில் எங்கே கோழைத்தனம்? ஹஜ் வசதி உள்ளவருக்குத்தான் கடமை. கடனும், வீட்டாரின் தேவையும் கழிந்து மிஞ்சுவதுதான் வசதி. (மார்க்க விசயத்தில் நான் பிழையாகச் சொல்லியிருந்தால் மௌலவிமார் திருத்தட்டும், மற்றவர்கள் சண்டைக்கு வர வேண்டாம்.)

கனவு ஒரு பக்கம், பயம் ஒரு பக்கம் என்று நாவல் பிரித்து வைப்பதுதான் எனக்கு ஒத்துவரவில்லை. நடுவில் ஒரு நீண்ட வரிசை இருக்கிறது. அதில் நிற்பவன் கனவை விட்டவன் இல்லை. கொய்லோவுக்கும் இது தெரியாமல் இல்லை. சந்தியாகோவின் தகப்பனாரைப் பற்றி ஒரு வரி வரும். ஊர் சுற்றும் ஆசை அந்த மனுசனின் கண்ணிலும் தெரியுமாம். தண்ணீருக்கும் சாப்பாட்டுக்கும் இரவில் படுக்க ஒரு இடத்துக்கும் பாடுபட்டு அதைப் புதைத்துவிட்டாராம். ஆனாலும் வயலில் கிடைத்த மூன்று பழைய பொற்காசுகளை மகனிடம் கொடுத்துப் போகச் சொன்னவர் அவர்தான். அந்தக் காசில்தான் ஆடே வந்தது. அந்த வரியை யாரும் ஸ்டேட்டஸில் போடுவதில்லை.

சாத்தியமா என்றுதானே கேட்டீர்கள். சாத்தியம், நாவலின் வேகத்தில் இல்லை.

சந்தியாகோ கடைக்கு வெளியே ஒரு கண்ணாடி அலமாரி வைப்போம் என்று கேட்பான். ஆட்கள் இடித்து உடைத்துவிடுவார்கள் என்பார் முதலாளி. நான் கம்பஸ் முடித்து வந்த புதிதில், வாசலில் ஒரு அலமாரி வைத்துச் சாரன்களை அடுக்குவோம் என்று வாப்பாவிடம் கேட்டேன். “என்னத்துக்கு மகன்? தூசியும் வெயிலும் பட்டா சாயம் வெளுத்துப் போகும். வெளுத்தத ஆரு வாங்குவா?” என்றார். நாவலில் அலமாரி வருகிறது, வியாபாரம் பெருகுகிறது. எங்கள் கடையில் இன்றுவரை அலமாரி வரவில்லை. அதற்குப் பதில் ஃபேஸ்புக்கில் படம் போடுகிறேன். அதில் வாப்பாவுக்கு ஆட்சேபம் இல்லை, அங்கே வெயில் அடிக்காதாம்.

படம் போட்டால் மட்டும் விற்றுவிடுமா? ஒரு கைத்தறிச் சாரனைக் கையில் பிடித்துப் பார்த்துவிட்டு, “மெசின் சாரன் இதில பாதி விலதானே” என்று ஆட்கள் போகிறார்கள். தறியில் பாவு பூட்டி, அறுந்த நூலை ஒவ்வொன்றாக முடிச்சுப் போட்டு இழுப்பதை ஒருநாள் வந்து பார்த்தால் அப்படிக் கேட்க மாட்டார்கள். விசைத்தறிச் சாமானை மருதமுனைக் கைத்தறி என்று ஒட்டி விற்பவர்களும் இருக்கிறார்கள். பெயர் சொன்னால் சண்டை வரும். நூல் விலையைப் பற்றி எழுதத் தொடங்கினால் இந்தப் பதில் முடியாது.

விசயத்துக்கு வருகிறேன். வாப்பா 2023இல் போனார். இஹ்ராமுக்கு (ஹஜ்ஜில் ஆண்கள் உடுத்தும் தைக்காத வெள்ளைத் துணிச் சோடி) என்று கடையில் விற்கும் துவாய்த் துணி அவருக்குப் பிடிக்கவில்லை. இவ்வளவு காலம் ஊருக்கு நெய்தவன் அங்கே வேறொருவன் நெய்ததைக் கட்டிக்கொண்டு போவதா என்று தானே தறியில் உட்கார்ந்தார். வெள்ளை நூல், கரை இல்லை, பூ இல்லை. சாரனுக்கு அடிக்கிற பழக்கத்தில் நெருக்கி நெருக்கி அடித்திருக்கிறார் போல. துணி தடித்துப் பாரமாக வந்துவிட்டது. ஜூன் மாத வெயில். மக்காவிலிருந்து போன் எடுத்து, “இங்க ஒரு மெல்லிய சோடி வாங்கிட்டன், உம்மாக்கிட்டச் சொல்லாத” என்றார். உம்மா என் பக்கத்தில்தான் இருந்தா.

போய் வந்தால் வாழக் காரணம் இருக்காது என்று படிகக் கடைக்காரர் பயந்தார் அல்லவா? எங்கள் வீட்டில் அப்படி ஒன்றும் நடக்கவில்லை. ஊர் அவரை ஹாஜியார் என்று கூப்பிடத் தொடங்கியது, அவர் வந்த வாரமே கடையில் உட்கார்ந்து நூல் விலையைத் திட்டத் தொடங்கினார். நாவலிலேயே ஒரு செருப்புத் தைப்பவர் வருவார். பாலைவனம் கடந்து மக்கா போய் வந்தவர். அந்தப் பயணத்தைவிடத் தாஞ்சியர் தெருவில் தோல் வாங்க அலைவதுதான் அலுப்பு என்பாராம். படித்தபோது சிரித்தேன். வாப்பாவைப் பார்த்த பிறகு அந்த ஆள் சொன்னது அத்தனையும் உண்மை என்று தெரிகிறது.

ஒருநாள் யாவாரம் இல்லாத மத்தியானத்தில் இந்தக் கதையை வாப்பாவிடம் சொன்னேன். புதையல், ரசவாதி, காற்றாக மாறுவது ஒன்றும் அவர் காதில் ஏறவில்லை. கடை வந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தார். பொடியன் படிகக் குவளையில் தேத்தண்ணி ஊற்றி விற்றதையும், கூட்டம் தாங்காமல் முதலாளி இன்னும் இரண்டு பேரை வேலைக்கு எடுத்ததையும் சொன்னேன். பொடியன் கிளம்பும்போது, தான் மக்காவுக்குப் போகப்போவதில்லை என்று முதலாளி சொல்லும் இடம் வரைக்கும் பேசாமல் கேட்டார்.

“ரெண்டு பேர் வேலைக்கு நிண்டாங்கள் எண்டு சொன்னாய்தானே?” என்றார்.

ஓம் என்றேன்.

“அப்ப போயிருக்கலாமே அவன்.”