டிரெய்லர் விளக்கு ஏன் மினுக்குகிறது?

கேள்வி: டிராக்டரில் கரும்பு ஏற்றி ஆலைக்கு ஓட்டுகிறேன். இண்டிகேட்டர் போட்டால் டிரெய்லரின் பின்னால் எரியும் சிவப்பு டேஞ்சர் லைட்டும் சேர்ந்து மினுக்குகிறது. பிரேக்கை மிதித்தால் டிரெய்லர் விளக்குகள் எல்லாமே மங்கிவிடுகின்றன. டிராக்டரின் விளக்குகளில் குறையில்லை. பேட்டரியை மாற்றச் சொல்கிறார்கள். மாற்றலாமா?
- வாசகர், நெல்லிக்குப்பம்

பதில்: பேட்டரிக்குக் காசைக் கொட்டாதீர்கள். அதில் கோளாறு என்றால் டிராக்டரின் விளக்கும் மங்கியிருக்கும். இது எர்த் கோளாறு.

பல்புக்குப் போன மின்சாரம் பேட்டரிக்குத் திரும்பி வர வழி வேண்டும். அந்த வழிதான் எர்த். பல டிரெய்லர்களில் தனி எர்த் ஒயர் இழுக்காமல், டிராக்டரோடு டிரெய்லரை மாட்டும் கொக்கியையும் பின்னையும் நம்பி விட்டுவிடுகிறார்கள். கிரீஸும் துருவும் அப்பிய அந்த இரும்பு, வண்டி குலுங்கும்போது தொட்டும் தொடாமலும் இருக்கும். வழி அடைபட்டால், இண்டிகேட்டருக்கு வந்த மின்சாரம் பக்கத்து பல்பின் இழைக்குள் புகுந்து வெளியேறப் பார்க்கும். டேஞ்சர் லைட் மினுக்குவது அதனால்தான்.

ஒரு சோதனை செய்யுங்கள். பேட்டரியின் நெகட்டிவ் முனையிலிருந்து நீள ஒயர் ஒன்றைக் கொண்டுபோய், டிரெய்லர் சட்டத்தில் பெயிண்ட் சுரண்டிய இடத்தில் அழுத்திப் பிடித்து இண்டிகேட்டரைப் போடுங்கள். மினுக்கல் நின்றால் கொக்கிதான் காரணம். நிற்காவிட்டால் விளக்கின் ஹோல்டர் சட்டத்தோடு சேரும் இடத்தைப் பாருங்கள்.

டிராக்டரிலிருந்து டிரெய்லர் விளக்குகளுக்கு மின்சாரம் கொண்டுபோகும் ஏழு பின் பிளக்கில் எர்த்துக்கு உரியது 3ஆம் பின், வெள்ளை ஒயர். நிறத்தை மட்டும் நம்பாமல் டெஸ்ட் லாம்ப் வைத்துப் பாருங்கள். கையில் கிடைத்த ஒயரை முறுக்கிவிட்டுப் போனவர்கள் உண்டு. பிரேக் பல்பு இரண்டு, இண்டிகேட்டர் ஒன்று, தலா 21 வாட். டேஞ்சர் லைட் இரண்டு, தலா 5 வாட். மொத்தம் 73 வாட். 12 வோல்ட்டில் ஏறக்குறைய 6 ஆம்பியர், அத்தனையும் அந்த ஒற்றை ஒயரில்தான் திரும்ப வேண்டும். அதற்கு 2.5 சதுர மி.மீ. ஒயர் போடுங்கள். சட்டத்தில் உப்புத்தாளால் தேய்த்து இரும்பு பளிச்சென்று தெரிந்த பிறகு போல்ட்டை முறுக்கி, மேலே கிரீஸ் தடவுங்கள். பிளக்கின் பின்களில் பச்சையாகக் களிம்பு பிடித்திருந்தால் அதையும் சுரண்டுங்கள்.

இன்னொன்றையும் கேட்டுக்கொள்ளுங்கள். விளக்கு சரியாக எரிந்தாலும், பின்னால் தொங்கும் கரும்புச் சோகை அதை மூடிவிட்டால், இரவில் பைக்கில் வருபவருக்கு வண்டி நிற்பதே தெரியாது. இப்படி உயிர் போவதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. பாரம் ஏற்றியதும் இருபதடி பின்னால் நின்று பாருங்கள். மறைக்கும் சோகையை அரிந்துவிட்டு வண்டியை எடுங்கள். பின் சட்டத்தின் இரு ஓரங்களிலும் சிவப்பு ரிஃப்ளெக்டர் பட்டை ஒட்டுங்கள், அதற்கு ஒயரே வேண்டாம்.