கம்பிப்புல் கதிர் விட எந்த மாதத்தில் தீயிட வேண்டும்?

வடக்கு புளோரிடாவில் பழைய பைன் சவன்னா (இடைவெளிவிட்டு நிற்கும் பைன் மரங்களுக்குக் கீழே புல்வெளி) நிலம் வைத்திருக்கும் வாசகர் ஒருவரின் கேள்வி இது: “இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை பிப்ரவரியில் முறைப்படி தீயிட்டு வருகிறோம். நீள ஊசியிலைப் பைன் மரங்கள் செழிப்பாக உள்ளன. ஆனால் கம்பிப்புல் (வயர்கிராஸ்) கதிர் விடுவதில்லை. ஓக் துளிர்கள் புதராக அடர்கின்றன. எங்கே தவறுகிறோம்?”

உங்கள் இடைவெளியில் தவறில்லை. ஒன்று முதல் மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை தீ என்பதே இந்நிலத்தின் முதல் தேவை. நீங்கள் மாற்ற வேண்டியது மாதத்தை மட்டும்தான்.

குளிர்காலத்தில் தீயிடும் வழக்கம் உங்கள் பகுதியில் பெரிதும் காடை வேட்டைப் பண்ணைகளால் நிலைபெற்றது. கோடையில் கூடு கட்டும் பறவைக்கு அது பாதுகாப்பு. குளிர்ந்த வானிலையில் நெருப்பைக் கையாளுவதும் எளிது. ஆனால் மனிதர் தீ வைக்கத் தொடங்குவதற்கு நெடுங்காலம் முன்பிருந்தே அந்நிலத்தைக் கொளுத்தி வந்தது மின்னல். மின்னல் மிகுவதோ மே மாதத்துக்குப் பிறகு. கம்பிப்புல்லின் பூப்பு அந்தக் காலத்தோடு இணைந்துள்ளது. மே முதல் ஜூலை வரை எரிந்த புல் அந்த ஆண்டின் இலையுதிர்காலத்திலேயே ஏராளமாகக் கதிர் விடும். பிப்ரவரியில் எரிந்ததோ பசுமையாகத் தழைத்தும் மிகக் குறைவாகவே பூக்கும். இலை பசுமையாக இருப்பதைக் கண்டு எல்லாம் சரி என்று இருந்துவிடுவது எளிது. நீண்ட ஆயுள் கொண்ட புல் என்பதால் அது உடனே அழிந்துவிடாது. ஆனால் விதை இல்லாமல் வெற்றிடங்களை அது நிரப்புவதும் இயலாது.

ஓக் துளிர்களுக்கும் காரணம் இதுவே. குளிர்காலத்தில் மாவுச்சத்து வேரில் நிறைந்திருப்பதால், தண்டு கருகினாலும் ஓக் வலுவாகத் துளிர்த்துவிடுகிறது. இளவேனிலில் புதிய இலைகளுக்காக அந்தச் சேமிப்பைச் செலவிட்ட பிறகு எரிந்தால் துளிர் நலிகிறது. ஒரே தீயில் புதர் அடங்கிவிடாது. அடுத்தடுத்த சில சுற்றுகள் வேண்டும்.

புளோரிடாவின் தலைநகரான தாலஹாசிக்குத் தெற்கே உள்ள செயின்ட் மார்க்ஸ் வனவிலங்குப் புகலிடத்தில் சூழலியலாளர் வில்லியம் பிளாட்டும் உடன் ஆய்வாளர்களும் வெவ்வேறு பருவங்களில் தீயிட்டுச் செய்த ஆய்வு 1988-இல் வெளியானது. வளர்பருவத்தில் எரிந்த இடங்களில் ஒரே இனத்துச் செடிகள் ஒருசேரப் பூத்தன. இலையுதிர்காலப் பூச்செடிகளின் பங்கும் கூடியது. ஒருசேரப் பூப்பது அயல் மகரந்தச் சேர்க்கைக்கு உதவும் என்பதால் இதைப் பெரிதாக மதிக்கிறேன்.

இதைப் படித்துவிட்டு நிலம் முழுவதையும் ஆண்டுதோறும் ஜூனுக்கு மாற்றிவிட வேண்டாம். அவரைக் குடும்பச் செடிகள் இனத்துக்கு இனம் வேறுபட்ட பருவத் தீயை விரும்புகின்றன. மாறாத ஜூனும் மாறாத பிப்ரவரியைப் போலவே சில இனங்களைப் புறக்கணிக்கும். நிலத்தைத் தீத்தடுப்புக் கோடுகளால் மூன்று நான்கு பாத்திகளாகப் பிரித்து, ஒன்றிரண்டை மட்டும் இவ்வாண்டு மே–ஜூனில் எரியுங்கள். மற்றவற்றில் குளிர்காலத் தீ தொடரட்டும். காடைக் கூடுகளுக்கும் அப்போது எரியாத புகலிடம் கிடைக்கும்.

சில எச்சரிக்கைகள் அவசியம். பல ஆண்டுகளாகத் தீயே காணாத மூலை ஏதும் இருந்தால், முதல் தீயை அடிமட்கு (மரத்தடியில் படிந்து மட்கிய சருகு) ஈரமாக இருக்கும் குளிர்காலத்திலேயே இடுங்கள்; உலர்ந்த மட்கு நாள்கணக்கில் புகைந்து, அதற்குள் பரவிய நுண்வேர்களைக் கருக்கி, முதிர்ந்த பைன்களையே கொன்றுவிடும். தண்டு உயராமல் புல்கொத்துபோலத் தரையோடு இருக்கும் இளம் பைன் தன் ஊசிகளால் மொட்டைக் காத்துக்கொள்ளும். தரையை விட்டு நிமிரத் தொடங்கிய கன்றுகளே எளிதில் கருகும். மழை பிந்தி வறட்சி நீடிக்கும் மே மாதத்தில் காத்திருந்து, முதல் மழைகளுக்குப் பிறகு மாநில வனத்துறையின் அனுமதி பெற்றுத் தீயிடுவதே நல்லது.

நவம்பர் இறுதியில், மே–ஜூனில் எரித்த பாத்தியின் கதிர்களை உருவிப் பாருங்கள். பல விதைகள் பதராகவே இருக்கும். நகத்தால் அழுத்தினால் கெட்டியாகத் தட்டுப்படுபவற்றைத் திரட்டி, புல் இல்லாத வெறுந்தரையில் அந்தக் குளிர்காலத்திலேயே தூவிவிடுங்கள்.