140 ரகசியங்களும் ஒரு முட்டைக்கோஸ் வண்டியும்

கேள்வி: 'அவதார்: தி லாஸ்ட் ஏர்பெண்டர்' கார்ட்டூன் தொடரை ஐந்தாவது தடவையாகப் பார்த்து முடித்தேன். ஒளித்து வைத்த விஷயங்கள், முன்னால் வந்து பின்னால் மறுபடி தலைகாட்டும் இடங்கள் என்று இதுவரை 140 நோட்டில் ஏறியிருக்கின்றன. நகல் இணைத்துள்ளேன். 'படம் போடுகிறவன் போகிற போக்கில் போட்டதற்கெல்லாம் நீ அர்த்தம் கண்டுபிடிக்கிறாய்' என்கிறார் என் மைத்துனர். யார் சொல்வது சரி? பட்டியலைத் தொடராக வெளியிடுவீர்களா?
- பெயர் வேண்டாம் என்ற வாசகர், கொளத்தூர், சென்னை-99

பதில்: வெளியிட மாட்டேன். இதற்காகக் கடைசி வரி வரை உங்களைக் காக்க வைப்பானேன்?

மைத்துனரும் ரொம்பச் சந்தோஷப்பட வேண்டாம். 2005 முதல் 2008 வரை நிக்கலோடியனில் 61 எபிசோடு வந்த தொடர் அது. நீர், நிலம், நெருப்பு, காற்று இவற்றை ஆட்டிவைக்கத் தெரிந்தவர்களின் கதை. அதில் கடை போர்டிலும் கடிதத்திலும் தெரிவது கிறுக்கல் இல்லை, படிக்கக்கூடிய சீன எழுத்து. அதற்கென்றே ஓர் எழுத்துக் கலைஞரை வைத்திருந்தார்கள். சண்டைக்கு ஒரு குங்ஃபூ ஆசான் தனி. நீரை ஆள்பவர்களுக்குத் தாய் சீ, நிலத்தை ஆள்பவர்களுக்கு ஹுங் கார் என்று கூட்டத்துக்கு ஒரு பாணி. நிலத்தை ஆளும் டாஃப் மட்டும் இதில் சேர மாட்டாள். பார்வையில்லாத அந்தச் சிறுமிக்குப் பாதம்தான் கண். அதனால் அவளுக்குத் தென்சீனக் கும்பிடுபூச்சிப் பாணி. மற்றவர்கள் காலை அகட்டி ஊன்றி நிற்கும்போது இவள் தரையைத் தடவிப் பார்ப்பதுபோல அடி வைப்பாள். போகிற போக்கில் போடுகிறவர்கள் இவ்வளவு மெனக்கெடுவார்களா?

ஆனால் உங்கள் 87-ஆவது ரகசியத்தைப் படித்தபோது மைத்துனர் பக்கம் சாய்ந்துவிடலாமா என்று தோன்றியது உண்மை. பறக்கும் காட்டெருமைக்கு 'அப்பா' என்று பேர் இருப்பதால் தொடருக்குத் தமிழ்த் தொடர்பு உண்டு என்கிறீர்கள். கொரியாக்காரர்களும் தகப்பனை அப்பா என்றுதான் கூப்பிடுகிறார்கள், ஐயா. போதாததற்குப் படங்களை வரைந்து அசைத்ததும் கொரிய ஸ்டுடியோக்கள். வழக்குப் போட்டால் நாம்தான் தோற்போம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். 31-ஆவதில் 'முட்டைக்கோஸ் வியாபாரி' என்று எழுதி, அவர் வரும் எபிசோடு எண்களைப் பக்கத்தில் போட்டிருக்கிறீர்கள். அவ்வளவுதானா? ஓமாஷு நகர வாசலில் காவலர்கள் அவர் வண்டியைத் தூக்கியெறிகிறார்கள். அதே எபிசோடில் கதாநாயகச் சிறுவன் ஆங்கும் கூட்டாளிகளும் சரக்குப் பாதையில் சறுக்கி விளையாடி வந்து இன்னொரு வண்டியையும் நொறுக்குகிறார்கள். 'என் முட்டைக்கோஸ்!' என்று தலையில் கை வைக்கிறார். நாம் சிரிக்கிறோம். வேறெந்தத் தொடராக இருந்தாலும் அந்த மனிதர் அத்தோடு ஒழிந்தார். கதாநாயகர்கள் துரத்தும்போது பழக்கடை சரிவதை நாம் எத்தனை சினிமாவில் பார்த்திருக்கிறோம், கடைக்காரர் முகம் ஒன்றாவது ஞாபகம் இருக்கிறதா? இங்கே அவர் திரும்பத் திரும்ப வருகிறார். ஒவ்வொரு தடவையும் புதுச் சரக்கோடு வருகிறார் என்பதைக் கவனியுங்கள். அந்தக் காசு எங்கிருந்து வந்ததோ!

கோயம்பேட்டில் விடியற்காலை நாலு மணிக்கு ஒரு மினி லாரி ரிவர்ஸ் எடுக்கும்போது மீன்பாடி வண்டியில் தட்டியதைப் பார்த்திருக்கிறேன். கோஸ் சேற்றில் உருண்டது. டிரைவர் 'சாரிண்ணே' என்று கையைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போய்விட்டார். வண்டிக்காரர் ஒவ்வொன்றாகப் பொறுக்கி, சேறு பட்ட மேலிலையைக் கிள்ளிப் போட்டு, லுங்கியில் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தார். டிரைவருக்கு அன்று மத்தியானம் அது ஞாபகம் இருந்திருக்குமா? வண்டிக்காரருக்கு இருந்திருக்கும்.

கம்பர் கூனியைக் கொண்டுவரும் இடம் தெரியுமல்லவா? சிறுவயதில் ராமன் வில்லால் அடித்த மண்ணுருண்டையை அவள் மனசில் வைத்திருந்தாள் என்று சொல்லிவிட்டு மேலே போய்விடுகிறார். அடித்தவனுக்கு அது விளையாட்டு. பட்டவளுக்கு அது கணக்கு. ஒரு ராஜ்யமே அந்தக் கணக்கில் போயிற்று.

இந்தத் தொடரில் திரும்பி வருபவற்றில் கனமானவை எல்லாம் பட்டவர்களின் ஞாபகம். உங்கள் நோட்டில் இருப்பது பார்த்தவரின் ஞாபகம். 'எனக்குத் தெரிந்துவிட்டது பார்' என்பதைத் தாண்டி 140-இல் ஒன்றும் நகரவில்லை.

பா சிங் சே நகரத்தில், நெருப்பு நாட்டின் பழைய தளபதி ஐரோ ஒரு பகல் பூராவும் சுற்றும் பகுதியை 58-ஆவதில் ஒரே வரியில் முடித்திருக்கிறீர்கள்: 'பாட்டு இரண்டு தடவை வருகிறது.' அது மட்டுமா? காலையில் கடையில் ஒரு கூடை வாங்குகிறார். காதலியோடு வெளியே போகிறீர்களா என்று கடைக்காரர் கேட்கிறார். இல்லை, ஆனால் விசேஷம்தான் என்கிறார் கிழவர். அழுகிற குழந்தைக்குப் பாடுகிறார். வழிப்பறிக்கு வந்தவனுக்கு நிற்கும் முறையைத் திருத்திக் கொடுத்து டீயும் போட்டுத் தருகிறார். சாயங்காலம் குன்றில், மரத்தடியில் கூடையைத் திறந்து, செத்துப்போன மகன் படத்தை வைத்து, ஊதுவத்தி கொளுத்தி, அதே பாட்டைப் பாட முடியாமல் பாடுகிறார். கூடை எதற்கென்று அப்போதுதான் நமக்குத் தெரிகிறது. இதே நகரத்தைத்தான் 600 நாள் முற்றுகையிட்டார், மகனைப் பறிகொடுத்ததும் இங்கேதான். ஐரோவுக்குக் குரல் கொடுத்த மாக்கோ 2006 ஜூலையில் இறந்தார். செப்டம்பரில் வந்த அந்தப் பகுதியை அவருக்கே சமர்ப்பித்தார்கள். என் மகளோடு உட்கார்ந்து பார்த்தேன். முடிந்ததும் இரண்டு பேரும் தண்ணீர் குடிக்க எழுந்து போனோம், தனித்தனியாக.

ஆங் முதுகில் இருக்கும் தழும்பும் இந்த வகைதான். இரண்டாம் பாகக் கடைசியில் நெருப்பு நாட்டு இளவரசி அஸூலாவின் மின்னல் தாக்கி வந்தது, மூன்றாம் பாகக் கடைசிச் சண்டையில் ஒரு பாறை முனை சரியாக அங்கே குத்தும்போது அடைபட்ட சக்தி திறக்கிறது. சௌகரியமான பாறை என்று குறை சொல்பவர்கள் உண்டு. எனக்கும் பாதிச் சம்மதம்.

எல்லாம் அந்தத் தரம் என்று சொல்ல மாட்டேன். இதன் தொடர்ச்சியாக 2012-இல் தொடங்கிய 'கோரா' தொடரில் முட்டைக்கோஸ் கம்பெனி முதலாளியைப் போலீஸ் பிடிக்கும்போது அவரும் அதே பாணியில் கதறுவார். குரலும் பழைய வியாபாரிக்குக் கொடுத்த ஜேம்ஸ் சீதான். 2024-இல் நெட்ஃப்ளிக்ஸ் பழைய கார்ட்டூனை நிஜ நடிகர்களை வைத்து எடுத்தபோது வண்டியோடு வந்தவரும் அவரே. விசிலடிக்கலாம். விசிலுக்கு மேல் அதில் ஒன்றும் இல்லை.

நோட்டில் 31-ஐ மட்டும் விரித்து இரண்டு பக்கம் எழுதி அனுப்புங்கள், போடுகிறேன். வியாபாரி பக்கம் நின்று எழுதுங்கள். மைத்துனருக்குக் கூடைக் கதையைக் காட்டுங்கள், பக்கத்தில் உட்கார்ந்து விளக்கம் மட்டும் சொல்லாதீர்கள்.

அப்புறம், 63-ஆவது. ஐரோ பலகை ஆட்டத்துக்கு வைத்திருக்கும் தாமரைக் காய் தொலைவது இரண்டாம் பாகத்தில் என்று எழுதியிருக்கிறீர்கள். முதல் பாகம், ஒன்பதாவது எபிசோடு. ஐந்து தடவை பார்த்தவராம்!