மக்பெத்தின் கையில் இருக்கும் கத்திகள்

அன்புள்ள ஐயா,

நாங்கள் ஆறு பேர் ஞாயிறுதோறும் கூடி நாடகம் வாசிக்கிறோம். இப்போது ஷேக்ஸ்பியரின் 'மக்பெத்'. நடித்தே பார்த்துவிடலாம் என்று எழுந்து நின்றால், யார் எங்கே நிற்பது, எப்போது நகர்வது என்று ஒன்றுமே எழுதியில்லை. பெர்னார்ட் ஷா அறையில் என்னென்ன கிடக்கிறது என்பதுவரை எழுதிவைக்கிறார். ஷேக்ஸ்பியரோ 'வருகிறார்', 'போகிறார்' என்பதோடு சரி. அந்தக் காலத்தில் நடிகர்களை யார்தான் நடத்தியது?

கே.

அன்புள்ள கே.,

எழுந்து நின்றீர்களே, அது நல்ல காரியம். உட்கார்ந்தே வாசித்திருந்தால் இந்தக் கேள்வி வந்திருக்காது.

ஷா புத்தகமாகப் படிப்பவரையும் மனதில் வைத்து எழுதினார். ஷேக்ஸ்பியர் எழுதியது தன்னோடு நடித்த கம்பெனிக்காரர்களுக்கு. இயக்குநர் என்று தனியாக ஒருவர் அப்போது கிடையாது. நடிகரிடம் முழு நாடகமும் இருக்காது. அவருடைய வசனம் மட்டும், ஒவ்வொன்றுக்கும் முன்னால் மற்றவர் பேசி முடிக்கும் கடைசி இரண்டு மூன்று சொற்கள். அவ்வளவுதான் கொடுப்பார்கள். ராபர்ட் கிரீனின் நாடகம் ஒன்றில் ஆர்லாண்டோவாக நடிக்க அந்தக் கால நடிகர் எட்வர்ட் ஆலனுக்குக் கொடுத்த அப்படியொரு பிரதி லண்டன் டல்விச் கல்லூரியில் இன்றும் இருக்கிறது. காகிதத்தை நீளமாக ஒட்டிச் சுருட்டி வைத்துக்கொள்வார்கள். 'உனக்கு என்ன ரோல்?' என்று கேட்கிறோமே, அந்த ரோல் இந்தச் சுருளிலிருந்து வந்ததுதான்.

ஆகவே அசைவை எங்கே எழுதுவது? வசனத்துக்குள்தான்.

அரசன் டங்கனைக் கொன்றுவிட்டு மக்பெத் வரும் காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். 'நான் இறங்கி வரும்போதா?' என்று கேட்கிறான். மேலிருந்து வந்திருக்கிறான் என்று தெரிந்துவிட்டது. 'பரிதாபமான காட்சி' என்கிறான். கையைப் பார்க்காமல் அதைச் சொல்ல முடியாது. உங்கள் பதிப்பில் அங்கே சதுர அடைப்புக்குறிக்குள் 'கைகளைப் பார்த்து' என்று இருந்தால், அது பதிப்பாசிரியர் சேர்த்தது. 1709இல் நிக்கலஸ் ரோ தொடங்கிவைத்த பழக்கம். இந்த நாடகம் முதலில் அச்சான 1623 பதிப்பில் அது இல்லை.

இனிமேல்தான் வேடிக்கை. அவன் வந்து ஏறக்குறைய முப்பது வரி ஓடிய பிறகுதான் மனைவி கேட்கிறாள்: 'இந்தக் கத்திகளை ஏன் அங்கிருந்து எடுத்து வந்தீர்கள்?' அதுவரை அவள் கண்ணில் படவில்லையா? இருட்டா? முதுகுக்குப் பின்னால் வைத்திருந்தானா? அல்லது பார்த்தும் பயத்தில் பேசாமல் இருந்தாளா? நான் இருட்டு என்றே வைத்துக்கொள்வேன். நீங்கள் மூன்றையும் செய்து பாருங்கள்.

வசனம் மட்டுமே எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டது என்றும் சொல்லமாட்டேன். லேடி மக்பெத் தூக்கத்தில் நடக்கும் காட்சியில் அச்சுப்பிரதி சொல்வது, மெழுகுவர்த்தியோடு வருகிறாள் என்பது மட்டும். 'பாருங்கள், எப்படிக் கையைத் தேய்க்கிறாள்' என்பது மருத்துவர் வாயில் இருக்கிறது. அந்த வேடம் போட்ட பையனின் தாளில் அது இருந்திருக்காது. (பெண் வேடம் கட்டியதெல்லாம் பையன்கள்தான்.) அவன் பேசத் தொடங்குவதே 'இன்னும் ஒரு கறை இருக்கிறதே' என்று. அதற்கு முன்பே கையைத் தேய்க்க வேண்டும் என்று யாராவது சொல்லித் தந்திருக்க வேண்டும். மூத்த நடிகர்களிடம் தொழில் கற்ற பையன்கள் என்பதால் அதில் சிரமம் இருந்திருக்காது.

அப்புறம், ஷேக்ஸ்பியர் விரிவாகக் குறிப்பு எழுதும் இடங்களையும் பாருங்கள். 'ஹாம்லெட்'டில் நாடகத்துக்குள் வரும் ஊமைக்கூத்துக்கு ராஜா படுப்பது, காதில் விஷம் ஊற்றுவது, ராணி வந்து அழுவது என்று ஒரு பத்தியே இருக்கிறது. அங்கே பேச ஆளில்லை, அதனால்தான். 'கோரியலேனஸ்' நாடகத்தில் ரோமை அழிக்காதே என்று தாய் மகனிடம் நீளமாக மன்றாடி முடிக்கிறாள். அவன் பதில் பேசுவதற்கு முன் ஒரு குறிப்பு: 'அவள் கையைப் பிடித்துக்கொள்கிறான், மௌனமாக.' மக்பெத் முடிந்ததும் இதை எடுங்கள். எத்தனை நொடி பிடித்திருப்பது என்று உங்கள் ஆறு பேருக்குள் கட்டாயம் சண்டை வரும்.