கொலாஸ்டமிக்குப் பிறகு: உடலைப் பற்றி நீங்கள் கேட்டவை

கொலாஸ்டமி, அதாவது பெருங்குடலை வயிற்றில் ஒரு திறப்பாக வெளியே கொண்டுவந்து, மலத்தை அதன் மேல் ஒட்டிய பையில் சேரவிடும் அறுவை சிகிச்சையைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியதைத் தொடர்ந்து வந்த கடிதங்களில் பெரும்பாலானவை, பையை எப்படி ஒட்டுவது, எப்போது மாற்றுவது என்பதைக் கேட்கவில்லை. அதை மருத்துவமனையிலேயே கற்றுக்கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள். வீட்டுக்கு வந்த பிறகு உடம்பில் தோன்றிய, யாரும் முன்கூட்டியே சொல்லாத மாற்றங்களைக் கண்டு பயந்துபோய் எழுதியவர்களே அதிகம். அவற்றில் சிலவற்றுக்கு இங்கே பதில் அளிக்கிறேன். எழுதியவர்களின் பெயர்களை வெளியிடவில்லை.

கேள்வி: புற்றுநோய்க்காக எனக்கு மலக்குடலையும் ஆசனவாயையும் முழுவதுமாக அகற்றி, அந்த இடத்தைத் தைத்து மூடிவிட்டார்கள். வயிற்றின் இடப்பக்கத்தில் நிரந்தரமாக ஸ்டோமா (மலம் வெளியேறும் திறப்பு) வைத்திருக்கிறார்கள். ஆனால் மலம் கழிக்க வேண்டும் என்ற உந்துதல் இன்றும் பழைய இடத்திலேயே வருகிறது. வீட்டில் சொன்னால் மனப்பிரமை என்கிறார்கள். உள்ளே எதையாவது விட்டுவிட்டார்களா?

பதில்: எதையும் விட்டுவிடவில்லை, இது மனப்பிரமையும் அல்ல. காலை இழந்தவர்களுக்கு இல்லாத பாதம் அரிப்பதும் வலிப்பதும் உண்டு என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். மலக்குடலை எடுத்தவர்களுக்கும் அதேதான் நடக்கிறது. மருத்துவர்கள் இதை ஃபாண்டம் ரெக்டம் என்பார்கள். உறுப்பு போய்விட்டாலும், அதிலிருந்து செய்தி கொண்டுவந்த நரம்புகளின் மிச்சமும், அந்தச் செய்தியை இத்தனை ஆண்டுகள் வாங்கிப் பழகிய மூளைப் பகுதியும் அப்படியேதான் இருக்கின்றன. சிலருக்கு இது வெறும் உந்துதலாக இருக்கும். சிலருக்கு அழுத்தமாகவோ, ஊசி குத்துவது போன்ற வலியாகவோ இருக்கும். பலருக்கு மாதங்கள் செல்லச் செல்லக் குறைகிறது. சிலருக்கு ஆண்டுக் கணக்கில் அவ்வப்போது எட்டிப்பார்க்கிறது.

உந்துதல் வரும்போது கழிப்பறைக்குப் போய், முன்பு உட்கார்ந்ததைப் போலவே சற்று முன்பக்கம் சாய்ந்து, முக்காமல் சில நிமிடங்கள் உட்கார்ந்து பாருங்கள். இல்லாத உறுப்புக்காக உட்காருவது வேடிக்கையாகத் தோன்றலாம். ஆனாலும் பலருக்கு அதுவே போதுமானதாக இருக்கிறது. வலி தூக்கத்தைக் கெடுக்கும் அளவுக்குப் போனால், நரம்பு வலிக்கு என்றே உள்ள மாத்திரைகளை மருத்துவர் குறைந்த அளவில் தொடங்கித் தருவார். வழக்கமான வலி மாத்திரைகள் இதற்கு அவ்வளவாகக் கேட்பதில்லை.

தையல் போட்ட அந்த இடம் ஆறுவதற்கு வாரங்கள் முதல் மாதங்கள் வரை ஆகும். கதிர்வீச்சுச் சிகிச்சை பெற்றவர்களுக்கு இன்னும் தாமதமாகலாம். உட்காருவதற்கு நடுவில் ஓட்டை உள்ள வளையத் தலையணையைப் பயன்படுத்த வேண்டாம். அது இரு பக்கமும் சதையை இழுத்துத் தையலுக்கு அழுத்தம் கொடுக்கும். சமமான மெத்தென்ற தலையணையே நல்லது. ஒன்றை மட்டும் கவனியுங்கள்: அடங்கியிருந்த வலி புதிதாகத் தொடங்கி நாளுக்கு நாள் கூடினாலோ, காய்ச்சல் வந்தாலோ, தையல் வழியாகச் சீழோ இரத்தமோ கசிந்தாலோ, அதை இந்தக் கணக்கில் சேர்த்துவிட்டுச் சும்மா இருக்கக் கூடாது. அறுவை சிகிச்சை செய்த மருத்துவர் பார்த்தாக வேண்டும்.

கேள்வி: அம்மாவுக்குக் குடலில் ஓட்டை விழுந்ததால் அவசரமாக கொலாஸ்டமி செய்தார்கள். ஆசனவாயை மூடவில்லை. இப்போது மலம் பையில்தான் வருகிறது. ஆனால் கீழேயும் வழவழப்பாக ஏதோ கசிகிறது. ஆபரேஷன் தோற்றுவிட்டது என்று நினைத்து, எங்களுக்குத் தெரியாமல் துணியை ஒளித்து வைத்திருக்கிறார்.

பதில்: அம்மாவிடம் முதலில் சொல்ல வேண்டியது, ஆபரேஷன் தோற்கவில்லை என்பதைத்தான். வெளியே வருவது சளி. மலம் எளிதாக நகர்வதற்காகக் குடலின் உட்சுவர் எப்போதும் சளியைச் சுரந்துகொண்டே இருக்கிறது. மேலிருந்து மலம் வருவது நின்றுவிட்ட செய்தி உள்ளே விடப்பட்ட மலக்குடலுக்கு எட்டாது. அது தன் வேலையைத் தொடர்ந்து செய்கிறது. முன்பு மலத்தோடு கலந்து போனதால் கண்ணில் படாத சளி, இப்போது தனியாக வருகிறது, அவ்வளவுதான். முட்டையின் வெள்ளைக்கரு போலத் தெளிவாகவும் வரும், பசை போலக் கெட்டியாகவும் வரும், லேசான பழுப்பு நிறத்திலும் வரும். சிலருக்குத் தினமும், சிலருக்குச் சில வாரங்களுக்கு ஒருமுறை.

வரும்வரை காத்திருக்காமல், நாளுக்கு ஒரு முறை கழிப்பறையில் உட்கார்ந்து மெதுவாக அழுத்தம் கொடுத்து வெளியேற்றிவிட்டால் துணியில் கசிவது பெரிதும் குறையும். உள்ளேயே தங்கினால் சளி உருண்டையாகக் கெட்டிப்பட்டுக் கீழ் வயிற்றில் கனமும் வலியும் தரும். அப்போது ஆசனவாயில் வைக்கும் கிளிசரின் மாத்திரையை மருத்துவரின் ஆலோசனையோடு பயன்படுத்தலாம். ஆசனவாயைச் சுற்றியுள்ள தோல் புண்ணாகாமல் இருக்க, கழுவி ஒற்றித் துடைத்துவிட்டு, தோலைக் காக்கும் கிரீம் தடவுவது நல்லது. குடலை முழுவதுமாகத் துண்டிக்காமல், வளைவாக வெளியே இழுத்து ஸ்டோமா வைத்தவர்களுக்குச் சிறிதளவு மலமும் கீழே இறங்கலாம்; அதற்கும் பயம் தேவையில்லை. இரத்தம், துர்நாற்றமுள்ள சீழ், காய்ச்சல் ஆகியவற்றில் ஏதேனும் இருந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

கேள்வி: ஸ்டோமா சில நேரம் பெரிதாகவும் சில நேரம் சிறிதாகவும் தெரிகிறது, தானாக அசைகிறது, துடைத்தால் இரத்தம் வருகிறது. ஆனால் வலியே இல்லை. சுற்றியுள்ள தோல்தான் எரிகிறது.

பதில்: ஸ்டோமா என்பது உங்கள் குடலின் நுனியே, உட்புறம் வெளியே தெரியும்படி மடித்துத் தைத்திருக்கிறார்கள். குடல் மலத்தைத் தள்ளுவதற்காகச் சுருங்கி விரிவதால் அது அசைகிறது. வாயின் உட்புறத்தைப் போலச் சிவந்து, ஈரமாக, நுண்ணிய இரத்தக் குழாய்கள் நிறைந்திருப்பதால், துடைக்கும்போது ஓரிரு சொட்டு இரத்தம் வருவது இயல்பு. தொட்டால் வலி தெரிவிக்கும் நரம்புகள் அதில் இல்லை. இதை வரம் என்று நினைத்துவிடாதீர்கள். பையைத் தோலோடு ஒட்டவைக்கும் தகட்டின் விளிம்போ இறுக்கமான பெல்ட்டோ அதை அறுத்தாலும் உங்களுக்கு வலிக்காது என்பதால், ஒவ்வொரு முறை மாற்றும்போதும் கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். ஊதா நிறமாகவோ கறுப்பாகவோ மாறினால் இரத்த ஓட்டம் தடைபட்டிருக்கலாம். மறுநாள் வரை பொறுக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள். இரத்தம் நிற்காமல் வந்தாலும், துவாரத்தின் உள்ளிருந்து வந்தாலும் அப்படியே.

தோல் எரிவதற்கு வருவோம். அறுவை சிகிச்சையின்போது வீங்கியிருக்கும் ஸ்டோமா, ஆறு முதல் எட்டு வாரங்களில் சுருங்கி அதன் நிலையான அளவுக்கு வருகிறது. மருத்துவமனையில் முதல் வாரம் வெட்டிக்கொடுத்த அளவிலேயே இன்றும் நீங்கள் தகட்டில் ஓட்டை வெட்டிக்கொண்டிருந்தால், ஸ்டோமாவைச் சுற்றி ஒரு வளையம் அளவுக்குத் தோல் மூடப்படாமல் மலத்தில் ஊறிக்கொண்டிருக்கும். அளவு அட்டையை வைத்துப் புதிதாக அளந்து, ஸ்டோமாவைவிட 2 முதல் 3 மில்லிமீட்டர் மட்டும் பெரிதாக வெட்டுங்கள். கழற்றிய தகட்டைத் தூக்கி எறியும் முன் திருப்பிப் பாருங்கள்: பசை எந்தப் பக்கம் கரைந்து மலம் ஊடுருவியிருக்கிறதோ, தோலில் அதே பக்கம்தான் சிவந்திருக்கும். உடல் எடை கூடினாலும் குறைந்தாலும் வயிற்றின் மடிப்புகள் மாறி, நேற்று வரை பொருந்திய தகடு இன்று கசியும். எனவே உட்கார்ந்தும் நின்றும் பார்த்து ஒட்டுங்கள்.

தோலில் நேரடியாக ஒட்டும் பையே 1954இல்தான் உருவானது. டென்மார்க்கைச் சேர்ந்த செவிலியர் எலிசே சோரென்சென், ஸ்டோமா வைக்கப்பட்ட தம் தங்கை கசிவுக்குப் பயந்து வெளியே போவதையே நிறுத்தியதைக் கண்டு, அவருக்காக யோசித்ததன் விளைவு அது. இன்றும் பையைப் பற்றிய ஐயங்களுக்கு, பரபரப்பான மருத்துவரைவிட, பயிற்சி பெற்ற ஸ்டோமா செவிலியரே பொறுமையாகப் பதில் சொல்வார் என்பது என் எண்ணம்.

கேள்வி: ஸ்டோமாவைச் சுற்றி ஒரு பக்கம் வயிறு புடைத்துக்கொண்டு நிற்கிறது. படுத்தால் மறைந்துவிடுகிறது.

பதில்: இது பெரும்பாலும் ஸ்டோமாவை ஒட்டிய குடலிறக்கமாக இருக்கும். குடலை வெளியே கொண்டுவர வயிற்றுத் தசையில் போட்ட திறப்பு நாளடைவில் விரிந்து, அதன் வழியே உள்ளிருக்கும் குடலும் பிதுங்குகிறது. மிகப் பலருக்கு வருவது. எல்லோருக்கும் மறு அறுவை சிகிச்சை தேவைப்படுவதில்லை. மருத்துவரிடம் காட்டி உறுதிசெய்துகொண்டு, அளவெடுத்த தாங்கு பெல்ட்டை, புடைப்பு உள்ளடங்கியிருக்கும் காலையில், படுக்கையை விட்டு எழுவதற்கு முன்பே அணியுங்கள். இருமும்போதும் தும்மும்போதும் அந்த இடத்தைக் கையால் தாங்கிக்கொள்ளுங்கள், கனமானவற்றைத் தூக்காதீர்கள். புடைப்பு உள்ளே போகாமல் இறுகி, கடும் வலியோடு, பையில் மலமும் காற்றும் வருவது நின்று, வாந்தியும் சேர்ந்தால் அது அவசர நிலை.

கேள்வி: அறுவை சிகிச்சைக்குப் பின் என் கணவர் என்னிடமிருந்து விலகியே இருக்கிறார். கேட்டால் பேச்சை மாற்றுகிறார். என்னை வெறுக்கிறாரா?

பதில்: உங்கள் கணவர் மனதில் என்ன இருக்கிறது என்பதை இங்கிருந்து நான் சொல்ல முடியாது. ஆனால் உடல் சார்ந்த காரணம் ஒன்று இருக்க வாய்ப்பு உண்டு. ஆணுறுப்பின் விறைப்புக்கும் சிறுநீர்ப்பைக்கும் செல்லும் நரம்புகள் மலக்குடலை ஒட்டியே ஓடுகின்றன. அந்த இடத்தில் அறுவை சிகிச்சையோ கதிர்வீச்சோ நடந்தால் அவை பாதிக்கப்படலாம். விறைப்பு குறையலாம், விந்து வெளியேறாமல் போகலாம். நரம்புகள் மீள ஒன்றிரண்டு ஆண்டுகள்கூட ஆகும். இதற்கிடையே பயன்படும் மருந்துகளும் கருவிகளும் உள்ளன. இதய நோய்க்கு நைட்ரேட் மாத்திரை சாப்பிடுபவர்கள் அந்த மருந்துகளைத் தொடக் கூடாது என்பதால், மருத்துவரைக் கேட்காமல் வாங்க வேண்டாம். பெண்களுக்கும் இதே அறுவை சிகிச்சைக்குப் பிறகு வறட்சியும் வலியும் வரலாம். அவர்களும் வாய்விட்டுச் சொல்வதில்லை. அடுத்த பரிசோதனைக்கு நீங்களும் உடன் சென்று, அவர் கேட்கத் தயங்கினால் நீங்களே கேளுங்கள். மருத்துவர்களும் இதைத் தாங்களாக எடுத்துப் பேசுவது குறைவு, அது சரியல்ல.

கேள்வி: நான்கு பேர் நடுவில் வயிறு சத்தம் போடுகிறது. இரவில் பை பலூன் போல உப்பிவிடுகிறது. ஊசியால் குத்திவிடலாமா?

பதில்: குத்தக் கூடாது, பிறகு நாற்றமும் கசிவும் நிற்காது. ஸ்டோமாவில் சுருக்குத் தசை இல்லாததால் காற்றை அடக்க முடியாது; சத்தம் வரப்போவது தெரிந்தால் முழங்கையை மடித்து, முன்கையால் அதை மெல்ல அழுத்திக்கொண்டால் ஒலி மங்கும். வேகமாகச் சாப்பிடுவது, ஸ்ட்ரா போட்டுக் குடிப்பது, சூயிங்கம் மெல்லுவது, புகைபிடிப்பது எல்லாம் காற்றை விழுங்க வைக்கும். நாற்றத்தைத் தடுத்துக் காற்றை மட்டும் வெளியேற்றும் வடிகட்டி உள்ள பையைக் கேட்டு வாங்குங்கள். வடிகட்டி நனைந்தால் வேலை செய்யாது என்பதால், பையோடு தரும் சிறிய ஸ்டிக்கரைக் குளிக்கும் முன் அதன் மேல் ஒட்டிவிட்டு, குளித்து முடித்ததும் மறக்காமல் எடுத்துவிடுங்கள்.