நாலு மணி நேரத் தூக்கமும் மூன்று டப்பா பவுடரும்

கேள்வி: எனக்கு வயது 23, எடை 62 கிலோ. ஊர் சேலம் அம்மாப்பேட்டை. காவலர் தேர்வுக்குத் தயாராகிறேன். மதியம் 2 மணியிலிருந்து இரவு 11 வரை விசைத்தறிக் கூடத்தில் வேலை. படுக்க 12.30 ஆகிவிடும். காலை 4.30-க்கு எழுந்து, நண்பர்களோடு காந்தி ஸ்டேடியம் போய் தினமும் 1,500 மீட்டரை நேரம் வைத்து ஓடுகிறேன். முடித்ததும் டீ, பன். ஞாயிற்றுக்கிழமை ஏற்காடு அடிவாரத்திலிருந்து சில கொண்டை ஊசி வளைவுகள் ஏறிவிட்டு, வேகமாக இறங்கி ஓடுவோம். மலையில் ஓடினால் ரத்தம் ஊறும் என்கிறார்கள். இரண்டு மாதம் முன்பு 6 நிமிடம் 40 விநாடியில் முடித்தேன். இப்போது 7 நிமிடம் 10 விநாடி ஆகிறது. தொடை எப்போதும் வலி. 'லாக்டிக் ஆசிட் சேர்ந்துடுச்சு, ரெக்கவரி இல்லை' என்று ஜிம் மாஸ்டர் ப்ரீ-வொர்க்கவுட் (பயிற்சிக்கு முன் குடிக்கும் பவுடர்), பி.சி.ஏ.ஏ., கிரியேட்டின் என மூன்று டப்பா கொடுத்தார். மொத்தம் 5,800 ரூபாய். ப்ரீ-வொர்க்கவுட் காலையில் ஒரு ஸ்கூப். வேலையில் கண் சொக்குவதால் மாலை 7 மணிக்கு இன்னொன்று. கிரியேட்டினை இன்னும் பிரிக்கவில்லை, கிட்னி போய்விடும் என்று அம்மா பயப்படுகிறார். ஓடுவதற்கு முன் வலி மாத்திரை போடச் சொல்கிறான் நண்பன். என்ன செய்யட்டும் டாக்டர்?

பதில்: தம்பி, பவுடரைப் பற்றி இவ்வளவு விவரமாக எழுதிய நீங்கள், தூக்கத்தை மட்டும் போகிற போக்கில் சொல்லிவிட்டீர்கள். 12.30-க்குப் படுத்து 4.30-க்கு எழுகிறீர்கள். நாலே நாலு மணி நேரம், அதுவும் படுத்த உடனே தூக்கம் வந்தால். வருகிறதா? மாலை 7 மணிக்கு அந்த ஸ்கூப்பைக் குடித்துவிட்டு எப்படி வரும் என்பதுதான் என் சந்தேகம்.

டப்பாவைத் திருப்பி, பின்பக்கம் பொடி எழுத்தில் இருப்பதைப் படியுங்கள். பெரும்பாலான ப்ரீ-வொர்க்கவுட் பவுடர்களில் ஒரு ஸ்கூப்புக்கு 200 மில்லிகிராம் அளவில் காஃபீன் இருக்கும், சிலவற்றில் 300 கூட. உடலில் போன காஃபீன் பாதியாகக் குறையவே சராசரியாக ஐந்து மணி நேரம் ஆகும். 7 மணிக்கு 200 என்றால், நள்ளிரவு 12 மணிக்கு 100 மிச்சம். அதாவது, நீங்கள் பாயை விரிக்கும் நேரத்தில் ஒரு டம்ளர் நல்ல ஃபில்டர் காபி குடித்த மாதிரி. சேர்வராயன் மலைக் காபித் தோட்டத்துக்காரர்கூட அந்த நேரத்தில் குடிக்க மாட்டார்! பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 400 மில்லிகிராம்தான் மேல் எல்லை என்பார்கள். இரண்டு ஸ்கூப்பும் இடையில் குடிக்கும் டீயுமாக நீங்கள் அதைத் தாண்டியிருப்பீர்கள். தூக்கம் குறைவதால் மாலையில் கண் சொக்குகிறது, சொக்குவதால் பவுடர், பவுடரால் மறுபடி தூக்கம் குறைகிறது. இந்த வட்டத்தைத்தான் முதலில் அறுக்க வேண்டும். மாலை ஸ்கூப்பை இன்றைக்கே நிறுத்துங்கள். இரண்டு மூன்று நாள் தலைவலி வரலாம், போய்விடும்.

ரெக்கவரி என்று மாஸ்டர் சொன்னாரே, அது எப்போது நடக்கிறது தெரியுமா? தூங்கிய முதல் சில மணி நேரத்தில் வரும் ஆழ்ந்த உறக்கத்தில்தான் வளர்ச்சி ஹார்மோன் பெருமளவு சுரக்கிறது. தசையைப் பழுது பார்க்கும் வேலை அதோடு முடிவதில்லை, இரவு முழுக்க ஓடுகிறது. விடியற்காலையில் கனவோடு வரும் உறக்கத்தைத்தான் உங்கள் 4.30 அலாரம் வெட்டுகிறது. தூக்கம் கெட்டால் பளு தூக்கும் பலம் ஒரேயடியாக விழுந்துவிடாது. ஆனால் தம் பிடித்து ஓடும் ஓட்டத்தில் அடி விழும். காரணம், அதே வேகம் கூடுதல் கஷ்டமாகத் தெரியும். காலில் தெம்பு இருந்தும் மூன்றாவது சுற்றில் 'போதும்டா' என்று மனசு சொல்லும். உங்கள் 30 விநாடியில் பெரும்பங்கு அங்கேதான் போயிருக்கிறது என்று நினைக்கிறேன்.

2011-ல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் கூடைப்பந்து வீரர்கள் 11 பேரை ஐந்து முதல் ஏழு வாரம், இரவில் பத்து மணி நேரம் படுக்கையில் இருக்கச் சொன்னார்கள். ஸ்பிரிண்ட் நேரம் 16.2 விநாடியிலிருந்து 15.5-க்கு இறங்கியது, பந்தைக் கூடையில் போடும் துல்லியமும் சுமார் 9 சதவீதம் கூடியது. சின்ன ஆய்வுதான், ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு குழுவும் இல்லை. இதை வேதவாக்காக எடுத்துக்கொள்ள மாட்டேன். ஆனால் தூக்கத்துக்கு ஆதரவாக இது மட்டும்தான் இருக்கிறது என்றில்லை. 12 முதல் 18 வயது விளையாட்டுப் பிள்ளைகளை வைத்துப் பார்த்ததில், எட்டு மணி நேரத்துக்குக் குறைவாகத் தூங்கியவர்களுக்குக் காயம்படும் வாய்ப்பு 1.7 மடங்கு இருந்தது. எனக்கே அனுபவம் உண்டு. ஹவுஸ் சர்ஜனாக இருந்தபோது விடிய விடிய டூட்டி பார்த்துவிட்டு, நேராக ஷட்டில் ஆடப் போய்க் கணுக்கால் பிசகி, மூன்று வாரம் நொண்டினேன். நோயாளிகள் எனக்கு ஆறுதல் சொன்னார்கள்.

பத்து மணி நேரம் உங்களுக்குக் கிடைக்காது என்று எனக்கும் தெரியும். வேலையை விடச் சொல்லவும் இல்லை. 11 மணிக்கு வேலை முடிந்தால், குளித்து, இட்லியோ தோசையோ சாப்பிட்டு, 12-க்குள் படுங்கள். ஃபோன் அடுத்த அறையில் சார்ஜ் ஆகட்டும். எழுவது 6.45. ஏழேகாலுக்குக் கிளம்பி எட்டரைக்குள் ஓட்டத்தை முடித்துவிடலாம், சேலத்து வெயில் உறைப்பதற்குள். நண்பர்களோடு 4.30-க்குப் போனால்தான் உற்சாகம் என்பீர்கள். வாரத்தில் ஒரு நாள் போங்கள், முந்தின நாள் வேலை இல்லாத நாளாகப் பார்த்து. அப்புறம், மதியம் வேலைக்குப் போகும் முன் 12.30-க்கு அரை மணி நேரம் கண்ணயருங்கள். அம்மாப்பேட்டையில் பக்கத்து வீட்டுத் தறி ஓடிக்கொண்டே இருக்குமே என்றால், மெடிக்கல் ஷாப்பில் காதில் வைக்கும் ஃபோம் அடைப்பான் விற்கிறார்கள். தறிச் சத்தம் பழகிவிட்டது என்று சொல்லாதீர்கள். காது பழகும். உறக்கம் உங்களுக்குத் தெரியாமலே கலைந்துகொண்டுதான் இருக்கும்.

அடுத்தது தொடை வலி. லாக்டிக் ஆசிட் என்பது பழைய கதை. ஓடி நிறுத்தி ஒரு மணி நேரத்துக்குள் அது ரத்தத்தில் சாதாரண அளவுக்கு வந்துவிடும். ஞாயிறு ஓடியதற்குத் திங்கள், செவ்வாயில் வலிப்பது தசை நார்களில் விழுந்த நுண்ணிய கிழிசலாலும், அதையொட்டி வரும் அழற்சியாலும்தான். ஏறும் ஓட்டத்தில் இது குறைவு, இறக்கத்தில்தான் அதிகம். தறிக்கூடத்தில் பாவு சுற்றிய பீமைத் தூக்கி மாட்டுவதையும் மெதுவாக இறக்கி வைப்பதையும் நினைத்துப் பாருங்கள். இறக்கும்போது தசை நீண்டுகொண்டே பாரத்தைப் பிடித்து நிறுத்துகிறது. மலைச்சரிவில் வேகமாக ஓடும்போது ஒவ்வோர் அடியிலும் தொடையின் முன்தசை இதைத்தான் செய்கிறது, அதுவும் ஆயிரக்கணக்கான தடவை. திங்கட்கிழமை இந்தியன் டாய்லெட்டில் உட்கார்ந்து எழ முடியாமல் சுவரைப் பிடிக்கிறீர்களா? அதுதான் அடையாளம். இந்த வலி 24 முதல் 72 மணி நேரத்துக்குள் உச்சத்துக்கு வரும். அது ஆறுவதற்குள் நீங்கள் தினமும் பரீட்சை ஓட்டம் ஓடுகிறீர்கள். அது ஆறும்போது அடுத்த ஞாயிறு வந்துவிடுகிறது.

ஏறி ஓடுங்கள், நல்ல பயிற்சி. இறங்குவதற்குப் பஸ் இருக்கிறது. வளைவில் வண்டிகள் வரும் வேகத்தைப் பார்த்தால், அது இன்னொரு விதத்திலும் நல்லது. மலையில் ஓடினால் ரத்தம் ஊறுமா என்றால், ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம்தான். சிவப்பணு கூடுவதற்கு 2,000 மீட்டருக்கு மேலே, வாரக்கணக்கில் தங்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரத்துக்கு அது நடக்காது. குளிர்ந்த காற்று கிடைக்கும், அவ்வளவுதான்.

தினமும் 1,500 மீட்டரை நேரம் வைத்து ஓடுவதை விடுங்கள். முதல் பத்து நாள், பேசிக்கொண்டே ஓடக்கூடிய வேகத்தில் மட்டும் ஓடுங்கள். பிறகு வாரத்தில் இரண்டு நாள் கடினமான பயிற்சி: 400 மீட்டர் சுற்று ஒன்றை 1 நிமிடம் 45 விநாடியில், இடையில் இரண்டு நிமிடம் நடை, இப்படி ஐந்து முறை. 1,500 மீட்டர் என்பது மூன்றே முக்கால் சுற்று. அந்த வேகம் கையில் இருந்தால் 6 நிமிடம் 34 விநாடி வரும். தேர்வில் உங்கள் எல்லை 7 நிமிடம். மற்ற நாள் மெதுவான ஓட்டம், ஒரு நாள் முழு ஓய்வு. டைம் வைப்பது இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை போதும்.

இப்போது டப்பாக்கள். பி.சி.ஏ.ஏ. வீண் செலவு. புரதத்தைக் கட்டும் செங்கல்கள்தான் அமினோ அமிலங்கள். அவற்றில் உடலால் தயாரிக்க முடியாதவை ஒன்பது. தசை கட்ட ஒன்பதும் வேண்டும். அதில் மூன்றை மட்டும் டப்பாவில் அடைத்து விற்பது, பருப்பும் தண்ணீரும் இல்லாமல் சாம்பார்ப் பொடியை மட்டும் கொடுத்து சாம்பார் வைக்கச் சொல்வது போல. பக்கத்து ஊர் நாமக்கல் முட்டையில் ஒன்பதும் இருக்கிறது. 62 கிலோ எடைக்கு ஒரு நாளைக்கு 80 கிராம் புரதம் கிடைத்தால் தாராளம். மூன்று முட்டையில் 18, அரை லிட்டர் பாலும் தயிருமாக 16, ஒரு கைப்பிடி நிலக்கடலையில் 10, ஒரு கிண்ணம் சுண்டலில் 10, சோறு, இட்லி, சாம்பாரில் ஒரு 25. கறி எடுக்கும் நாளில் இன்னும் கூடும். ஓடி முடித்ததும் டீயும் பன்னும் போதாது. முட்டையும் வாழைப்பழமும் சேருங்கள். சோற்றைக் குறைக்காதீர்கள், ஓடுகிறவனுக்கு அதுதான் பெட்ரோல். புரத பவுடர் வாங்கலாமா என்று அடுத்த கடிதம் போடுவீர்கள், அதற்கும் இப்போதே சொல்லிவிடுகிறேன். இந்தியாவில் விற்கும் 36 பவுடர்களைச் சோதித்து 2024-ல் வெளியான ஆய்வில், 25-ல் லேபிளில் போட்ட புரத அளவு சரியாக இல்லை.

கிரியேட்டின் விஷயத்தில் அம்மா பயப்பட வேண்டாம். ஆரோக்கியமான சிறுநீரகத்தை, தினம் 3 முதல் 5 கிராம் என்ற அளவு கெடுப்பதாக இதுவரை ஆதாரம் இல்லை. ரத்தப் பரிசோதனையில், சிறுநீரகம் வெளியேற்றும் கழிவான கிரியேட்டினின் கொஞ்சம் கூடித் தெரியும், அதைப் பார்த்துத்தான் பலர் பதறுகிறார்கள். பெயர் ஒன்று போல இருப்பதும் ஒரு காரணம். ஏற்கெனவே சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் தொடக்கூடாது. ஆனால் உங்களுக்கு அது தேவையா? குறுகிய நேர வெடிப்பு வேகத்துக்கும் பளு தூக்குவதற்கும் உதவும் பொருள் அது. 1,500 மீட்டருக்குப் பெரிதாக ஒன்றும் செய்யாது. தசையில் தண்ணீர் சேர்ந்து ஒரு கிலோ எடை கூடலாம். அதைச் சுமந்துகொண்டுதான் தேர்வில் ஓடவும் கயிறு ஏறவும் வேண்டும். பிரிக்காத டப்பாதானே? கடைக்காரர் திரும்ப எடுத்துக்கொள்வாரா என்று கேட்டுப் பாருங்கள்.

வலி மாத்திரை மட்டும் வேண்டவே வேண்டாம். டைக்ளோஃபெனாக் போன்றவை சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தத்தைக் குறைக்கும். வியர்த்துத் தண்ணீர் வற்றிய உடம்பில் அது ஆபத்து. அம்மா கிட்னிக்காகப் பயப்பட வேண்டிய இடம் இதுதான். கடும் ஓட்டத்துக்குப் பிறகு தசை வீங்கி, சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போனால் அன்றைக்கே பெரியாஸ்பத்திரிக்குப் போங்கள். தசை சிதைந்து சிறுநீரகத்தை அடைக்கும் நிலை அது. ஓடும்போது நெஞ்சு வலித்தாலோ மயங்கி விழுந்தாலோ, மறுபடி ஓடுவதற்கு முன் ஈ.சி.ஜி. எடுக்காமல் விடாதீர்கள்.

ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (உடலில் இரும்புச் சத்தின் சேமிப்பைக் காட்டுவது), தைராய்டு மூன்றையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள். இரண்டு மாதமாக வேகம் இறங்குவதற்கு ரத்தசோகையும் காரணமாக இருக்கலாம். பரிசோதிக்காமல் இரும்புச் சத்து மாத்திரையை வாங்கிப் போடாதீர்கள்.

தேர்வுக்குப் பத்து, பன்னிரண்டு நாள் முன்னால் ஓடும் தூரத்தைப் பாதியாகக் குறையுங்கள், வேகத்தைக் குறைக்க வேண்டாம். முடிந்தால் அந்த வாரம் தறிக்கூடத்தில் லீவு கேட்டு, பத்து மணிக்கே படுத்துப் பழகுங்கள்; தேர்வன்று காலையிலேயே ஓட வேண்டியிருக்கும். காஃபீன் ஓட்டத்துக்கு உதவும் என்பது உண்மைதான், அதை மறைக்கவில்லை. ஓடுவதற்கு முக்கால் மணி நேரம் முன்னால் ஒரு டம்ளர் காபி குடிக்கலாம், பயிற்சி நாளில் குடித்துப் பார்த்து வயிற்றுக்கு ஒத்துக்கொண்டிருந்தால்.