ரேட்டிங் பார்த்து வீடு வாங்கலாமா?

வணக்கம்.

நானும் மனைவியும் எட்டு வருடமாக எடிசனில் வாடகை அபார்ட்மெண்ட்டில் இருக்கிறோம். பெண்ணுக்கு நான்கு வயது, பையனுக்கு ஒன்று. அடுத்த செப்டம்பரில் அவள் கிண்டர்கார்டன் போக வேண்டும். அதற்குள் வீடு வாங்கிவிட வேண்டும் என்று வார இறுதியெல்லாம் ஓபன் ஹவுஸ் அலைந்து, கடைசியில் இரண்டு வீடுகளில் வந்து நிற்கிறோம். ஒன்று வெஸ்ட் விண்ட்ஸரில் மூன்று பெட்ரூம் டவுன்ஹவுஸ், 7,90,000 டாலர். அந்த முகவரியில் இருந்தால் பிள்ளைகள் போக வேண்டிய பொதுப் பள்ளிகளின் ரேட்டிங் எல்லாம் பத்துக்கு 9, 10. இன்னொன்று மெர்சர் கவுண்டியிலேயே வேறொரு டவுன்ஷிப்பில் தனி வீடு, 6,10,000. மனைவியின் அலுவலகம் அங்கிருந்து பத்து நிமிடம். ஆனால் பள்ளி ரேட்டிங் 5, 6. முதல் வீட்டை எடுத்தால் இரண்டு சம்பளமும் ஒரு மாதம்கூட தவறாமல் வந்தால்தான் சமாளிக்க முடியும். நண்பர்கள் "பிள்ளைகளுக்காகத்தானே இவ்வளவு தூரம் வந்தோம், இதில் போய் கணக்குப் பார்க்கலாமா" என்கிறார்கள். கரூரில் இருக்கும் அப்பாவோ "படிக்கிற பிள்ளை எங்கே போட்டாலும் படிக்கும்" என்கிறார். யார் சொல்வது சரி?

செ., எடிசன், நியூ ஜெர்சி

அன்புள்ள செ.,

கணக்குப் பார்க்கத்தான் வேண்டும். பிள்ளைகளுக்காக என்பதாலேயே கூடுதல் கவனத்தோடு பார்க்க வேண்டும்.

முதலில் அந்த 9, 10. ஜில்லோ, ரெட்ஃபின் போன்ற வீடு விற்பனைத் தளங்களில் வீட்டுப் படங்களுக்குக் கீழே வருகிற அந்த எண்ணைத் தருவது கிரேட்ஸ்கூல்ஸ் என்ற லாப நோக்கமற்ற அமைப்பு. பல வருடங்கள் அது பெரும்பாலும் மாநிலத் தேர்வு மதிப்பெண்ணை வைத்தே எண் போட்டது. குறை சொன்னவர்கள் பெருகிய பிறகு 2017லும் 2020லும் முறையை மாற்றி, மாணவர்கள் வருடத்துக்கு வருடம் எவ்வளவு முன்னேறுகிறார்கள் என்பதற்கும் இடம் கொடுத்தார்கள். ஆனாலும் எண்ணைத் தீர்மானிப்பதில் தேர்வு மதிப்பெண்ணுக்கு இன்றும் பெரிய பங்கு இருக்கிறது.

தேர்வு மதிப்பெண்ணோ பெரிய அளவில் பெற்றோரின் வருமானத்தையும் படிப்பையும் பின்தொடர்வது. 1966ல் ஜேம்ஸ் கோல்மன் தலைமையில் சுமார் ஆறு லட்சம் மாணவர்களை வைத்து அமெரிக்க அரசுக்காக நடந்த ஆய்வு இதைத்தான் சொன்னது. மதிப்பெண் வித்தியாசத்தில் பள்ளியின் வசதிகளைவிடக் குடும்பப் பின்னணிக்கே பங்கு அதிகம். அப்புறம் வந்த ஆய்வுகள் அதில் பல திருத்தங்கள் செய்திருக்கின்றன, ஆனால் அடிப்படையை யாரும் புரட்டிப்போடவில்லை. அப்பாவும் அம்மாவும் மாஸ்டர்ஸ் முடித்து, மாலையில் கணக்கு டியூஷனுக்கும் அனுப்புகிற வீடுகள் நிறைந்த ஊரில் பள்ளிக்கு 10 கிடைப்பதில் ஆச்சரியம் இல்லை. அந்த மதிப்பெண்ணில் பள்ளி சேர்த்தது எவ்வளவு, பிள்ளைகள் வீட்டிலிருந்தே கொண்டுவந்தது எவ்வளவு என்பதை அந்த எண் பிரித்துச் சொல்லாது.

உங்கள் அப்பா சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது என்பது இதனால்தான். உங்கள் பெண் எந்தப் பள்ளிக்குப் போனாலும் உங்கள் இருவருக்கும் மகளாகத்தான் போகப்போகிறாள். ஆனால் "படிக்கிற பிள்ளை" என்ற சொல்லில் படிக்கத் திணறுகிற பிள்ளை விடுபட்டுப் போகிறது. வீட்டில் சொல்லித்தர ஆள் இல்லாத குழந்தைக்கும் வாசிப்பு சட்டென்று பிடிபடாத குழந்தைக்கும் எந்த ஆசிரியர் கையில் விழுகிறோம் என்பதுதான் எல்லாம். பையனுக்கு ஒரு வயதுதான் ஆகிறது. அவனுக்கு எந்த மாதிரி உதவி தேவைப்படும் என்பது இப்போது யாருக்கும் தெரியாது.

அப்படியென்றால் எதைப் பார்ப்பது? முன்னேற்றத்தைப் பாருங்கள். நியூ ஜெர்சி கல்வித் துறை ஒவ்வொரு பள்ளிக்கும் வருடாந்திர அறிக்கை வெளியிடுகிறது, இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும். ரேட்டிங்கை மனப்பாடமாகச் சொல்கிறவர்களில் அதைத் திறந்து பார்த்தவர்களை நான் அதிகம் கண்டதில்லை. அதில் மாணவர் வளர்ச்சி விகிதம் என்று ஒரு பகுதி இருக்கும். முந்தைய தேர்வுகளில் ஒரே மாதிரி மதிப்பெண் வாங்கிய மாநிலத்து மாணவர்களோடு ஒப்பிட்டால் இந்தப் பள்ளிப் பிள்ளைகள் இந்த வருடம் எங்கே நிற்கிறார்கள் என்பதை அது காட்டும். 50 என்றால் மாநிலத்தின் நடுப்புள்ளி. ரேட்டிங் 5 உள்ள பள்ளியில் அது 60ஐத் தொடலாம், 10 உள்ள பள்ளியில் 45 இருக்கலாம். ஸ்டான்ஃபோர்டில் ஷான் ரியர்டன் குழு நாடு முழுவதும் இதே கேள்வியைக் கேட்டபோது, சராசரி மதிப்பெண்ணில் பின்தங்கியிருந்த சிகாகோ வளர்ச்சியில் முன்னணியில் வந்தது. 2009க்கும் 2014க்கும் இடையில் அங்கே மூன்றாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்புக்குப் போன பிள்ளைகள் ஐந்து வருடத்தில் ஆறு வருடப் படிப்பைக் கற்றிருந்தார்கள்.

அதே அறிக்கையில் பத்து சதவீதமோ அதற்கு மேலோ நாட்கள் பள்ளிக்கு வராத பிள்ளைகள் எத்தனை பேர், ஆசிரியர்களின் அனுபவம் எவ்வளவு என்பதும் இருக்கும். ஒரே வருடத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். மூன்று வருடத்து அறிக்கைகளை அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள்.

சரி, பணத்துக்கு வருவோம். இரண்டு வீட்டுக்கும் வித்தியாசம் 1,80,000 டாலர். ஆறரை சதவீத வட்டியில் 30 வருடக் கடன் என்றால் அந்த வித்தியாசத்துக்கு மட்டும் மாதம் 1,140 டாலர் பக்கம் கட்ட வேண்டும். சொத்து வரியில் நாட்டிலேயே முதலிடம் நம் மாநிலத்துக்குத்தான். விலையில் 2 சதவீதம் என்று வைத்தால் மாதம் இன்னும் 300. வருடத்துக்கு 17,000 டாலருக்கு மேல் ஆகிறது. "விற்கும்போது திரும்ப வந்துவிடும்" என்று ரியல்டர் சொல்வார். அதில் ஓரளவு உண்மை உண்டு. பொருளாதார ஆய்வாளர் சாண்ட்ரா பிளாக் 1999ல் மாசசூசெட்ஸில் பள்ளி எல்லைக் கோட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இருந்த வீடுகளை ஒப்பிட்டார். தேர்வு மதிப்பெண் 5 சதவீதம் உயர்ந்தால் வீட்டுக்கு 2.5 சதவீதம் கூடுதலாகக் கொடுக்கப் பெற்றோர் தயாராக இருந்தார்கள். நாளைக்கு உங்களிடம் வாங்க வருபவரும் அதேபோல் கொடுப்பார். ஆனால் நீங்கள் கட்டிய வட்டியும் வரியும் போனது போனதுதான்.

எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம் இப்படித்தான் கைக்கு எட்டாத வீட்டை எட்டிப் பிடித்தது. இருவரும் வேலைக்குப் போயே ஆக வேண்டும். பையன் காலை ஏழரைக்கு பிஃபோர்கேர், மாலை ஆறு வரை ஆஃப்டர்கேர். வீட்டுக்கு வந்து தோசை ஊற்றும்போதே அம்மாவின் லேப்டாப் அடுப்புப் பக்கத்தில் திறந்திருக்கும். எட்டரைக்கு வாசிப்புப் புத்தகத்தைக் கையில் எடுத்தால் பையனுக்குக் கண் சொருகும், அப்பாவுக்கும் சொருகும். பத்து ரேட்டிங் பள்ளிதான். ஆனால் பக்கத்தில் உட்கார்ந்து வாசிக்கச் சொல்லிக் கேட்க அந்த வீட்டில் ஆளுக்குத் தெம்பு இல்லை. உங்கள் மனைவிக்கு அலுவலகம் பத்து நிமிடம் என்று எழுதியிருக்கிறீர்கள். அது உங்கள் பெண்ணுக்கு தினமும் கூடுதலாகக் கிடைக்கிற நேரம். எந்த ரேட்டிங்கிலும் அது வராது, ஆனால் நான் அதற்கு மிகப் பெரிய மதிப்பு போடுவேன்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்கிறேன். வெஸ்ட் விண்ட்ஸர்-பிளெய்ன்ஸ்பரோ நல்ல டிஸ்ட்ரிக்ட் (அதாவது அந்த ஊர்களின் பள்ளிகளை நடத்தும் நிர்வாகம்), அதில் சந்தேகமே இல்லை. ஆனால் 2015ல் அதன் கண்காணிப்பாளர் டேவிட் ஆடர்ஹோல்ட் பிள்ளைகளின் மன அழுத்தம் பற்றி பெற்றோருக்கு நீண்ட கடிதம் எழுத வேண்டி வந்தது. ஹைஸ்கூலில் அரையாண்டு, இறுதித் தேர்வுகளை நீக்கினார்கள். வீட்டுப்பாடம் இல்லாத இரவுகள் என்று அறிவித்தார்கள். அதை வரவேற்ற பெற்றோரும் இருந்தார்கள், தரத்தைக் குறைக்கிறார்கள் என்று கொதித்தவர்களும் இருந்தார்கள். கொதித்தவர்களில் நம்மவர்கள் நிறைய. அந்த மனிதர் சரியானதைத்தான் செய்தார் என்பது என் எண்ணம். முதலிடத்துக்காகவே வந்து குடியேறியவர்கள் ஓர் ஊரில் கூடும்போது அந்தப் பாரம் பிள்ளைகள் தலையில்தான் இறங்குகிறது.

வீட்டு விலையோடு பள்ளி இப்படிப் பின்னிக் கிடப்பது ஏன் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள், ஏனென்றால் நாம் வாங்குவது அந்தப் பின்னலுக்குள் ஓர் இடத்தை. டெக்சாஸில் சான் அன்டோனியோவின் ஏழை எட்ஜ்வுட் பகுதியில் டெமெட்ரியோ ரோட்ரிகஸும் மற்றப் பெற்றோரும் வழக்குப் போட்டார்கள். சொத்து வரியை நம்பிப் பள்ளி நடத்துவதால், அதிக விகிதத்தில் வரி கட்டியும் தங்கள் பிள்ளைகளுக்குப் பணக்கார அலமோ ஹைட்ஸை விடக் குறைவாகவே கிடைக்கிறது என்றார்கள். 1973ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் அவர்களுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. அடுத்த வருடமே டெட்ராய்ட் வழக்கில், இனப் பிரிவினையை நீக்குவதற்காக நகரத்தையும் புறநகர் டிஸ்ட்ரிக்ட்டுகளையும் சேர்த்து மாணவர்களை மாற்ற முடியாது என்றது. ஊர் எல்லைக் கோடுகள் சுவர்களானது இப்படித்தான்.

நியூ ஜெர்சி கொஞ்சம் வேறு பாதையில் போனது. ஆபட் வழக்கில் மாநில உச்ச நீதிமன்றம் 1990ல், ஏழை நகரப் பள்ளிகளுக்கும் பணக்காரப் புறநகர்களுக்கு இணையாகச் செலவிட உத்தரவிட்டது. 1998ல் அந்த டிஸ்ட்ரிக்ட்டுகளில் மூன்று, நான்கு வயதுக் குழந்தைகளுக்கு இலவச ப்ரீஸ்கூல் தரவும் உத்தரவிட்டது. 31 டிஸ்ட்ரிக்ட்டுகளுக்கு இது பொருந்தும். யூனியன் சிட்டி போன்ற ஊர்களில் இதனால் பிள்ளைகளின் வாழ்க்கையே மாறியது. டேகேருக்கு மாதாமாதம் கொட்டிக்கொடுக்கிற நம் நண்பர்கள் பலருக்கு இது தெரியாது, ஏனென்றால் அந்த ஊர்ப் பெயர்களைக் கேட்டதுமே பேச்சை மாற்றிவிடுகிறார்கள். "அந்தப் பள்ளியில் என்ன மாதிரிப் பிள்ளைகள்" என்று குரலைத் தாழ்த்திக் கேட்கும் வழக்கம் நம்மிடம் இருக்கிறது. அதற்குள் என்ன ஒளிந்திருக்கிறது என்று நம் எல்லோருக்கும் தெரியும். சாதி பார்த்துத் தெரு பிரித்த ஊர்களிலிருந்து வந்தவர்கள் நாம். இங்கே அந்தக் கேள்வியைக் கேட்காமல் இருக்கலாம்.

எந்த வீடானாலும் எல்லையை உறுதி செய்துகொள்ளுங்கள். தபால் முகவரியை நம்பாதீர்கள். பிரின்ஸ்டன் 08540 என்று முகவரி இருக்கும், வீடு இருப்பதோ வெஸ்ட் விண்ட்ஸரிலோ பிளெய்ன்ஸ்பரோவிலோ சவுத் பிரன்ஸ்விக்கிலோ இருக்கும். டிஸ்ட்ரிக்ட் அலுவலகத்துக்கே போன் செய்து, வீட்டு எண் சொல்லி, எந்த எலிமெண்டரி என்று கேளுங்கள். டிஸ்ட்ரிக்ட்டை நிர்வகிக்கும் ஸ்கூல் போர்டு நினைத்தால் எந்த வருடமும் அந்தக் கோட்டை மாற்றி வரையலாம் என்பதும் நினைவிருக்கட்டும்.

ஸ்கூல் போர்டு என்றதும் நினைவுக்கு வருகிறது. சில வருடங்களுக்கு முன் ஒரு பட்ஜெட் கூட்டத்தில் உட்கார்ந்திருந்தேன். லேட் பஸ்ஸை நிறுத்தப்போவதாகச் சொன்னார்கள், அதாவது கிளப், பேண்ட் எல்லாம் முடிந்து ஐந்து மணிக்குப் பிள்ளைகளை வீட்டுக்குக் கொண்டுவிடும் பஸ். மருந்துக்கடைச் சீருடையோடு நேராக வேலையிலிருந்து வந்திருந்த ஒரு அம்மா மைக்கில் பேசினார். தன் மகள் டிரம்பெட் வாசிப்பதாகவும், பஸ் நின்றால் மூன்று மணிக்கே அவளைக் கூட்டிவர ஆள் இல்லை என்பதால் அதோடு முடிந்துவிடும் என்றும் சொன்னார். மூன்று நிமிடம்தான் அனுமதி, அவர் ஒன்றரை நிமிடத்தில் முடித்தார். உறுப்பினர்கள் அவருக்கு எப்படிப் பதில் சொன்னார்கள் என்பதிலேயே அந்த டிஸ்ட்ரிக்ட் எப்படிப்பட்டது என்று எனக்குப் புரிந்தது. பஸ் வாரத்துக்கு இரண்டு நாளாவது ஓடும் என்று அன்றே ஒப்புக்கொண்டார்கள்.

எனவே மார்ச், ஏப்ரலில் இரண்டு டிஸ்ட்ரிக்ட்டின் பட்ஜெட் கூட்டத்துக்கும் போய் உட்காருங்கள். ஒருவேளை நீங்கள் விசாவில் இருந்து, ஸ்கூல் போர்டு தேர்தலில் ஓட்டுப் போட முடியாவிட்டாலும், குடியேறிய பிறகு அந்த மைக்கில் பேசும் உரிமை உங்களுக்கும் உண்டு.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் இரண்டாவது வீட்டைத்தான் எடுப்பேன், அந்தப் பள்ளியின் வளர்ச்சி விகிதம் மூன்று வருடமும் 50ஐ ஒட்டியோ அதற்கு மேலோ இருந்தால். 40க்குக் கீழே தொடர்ந்து இருந்தால் எடுக்க மாட்டேன், அப்போது மூன்றாவதாக ஒரு வீடு தேடுவேன். முடிவுக்கு முன் அந்த எலிமெண்டரி முதல்வரைப் போய்ப் பாருங்கள். இரண்டாம் வகுப்பு முடியும் நேரத்திலும் வாசிக்கத் திணறுகிற குழந்தைக்கு இங்கே என்ன செய்வீர்கள், யார் செய்வார், வாரத்துக்கு எத்தனை நாள் என்று கேளுங்கள். அவர் ஒரு ஆசிரியரின் பெயரையும் நேரத்தையும் தயங்காமல் சொன்னால் ஆஃபர் போடுங்கள்.